நாற்பதாவது பிட்டில் ஒரு பிழை

ஒரு ப்ரோகிராம் மெதுவாக ஓடுகிறது. ஏன் என்று தெரிய வேண்டும். லினக்ஸில் வேலை செய்கிறவர்கள் முதலில் செய்வது, அந்த ப்ரோகிராமின் பெயருக்கு முன்னால் 'பெர்ஃப் ஸ்டாட்' என்று சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது. ஓடி முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். இத்தனை கோடி சைக்கிள் (ப்ராசஸரின் துடிப்பு), இத்தனை கோடி இன்ஸ்ட்ரக்ஷன், தனியாகக் கேட்டால் ப்ராசஸரின் பக்கத்து நினைவகமான கேஷில் தேடிக் கிடைக்காமல் போனது இத்தனை தடவை, நிபந்தனை எந்தப் பக்கம் திரும்பும் என்று ப்ராசஸர் ஊகித்துத் தவறியது இத்தனை தடவை. அடுத்த ஒரு வாரத்துக்கு எந்த இடத்தில் கை வைப்பது என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த எண்ணே தவறாக இருந்தால்?

இதைப் பற்றிக் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். அவசரமாகச் சொன்னால் தலை சுற்றும், நிதானமாகச் சொன்னால் யாருக்கும் விளங்கும். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை, கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

முதலில், இந்த எண்களை எண்ணுவது யார்? ப்ராசஸரேதான். சில்லுக்குள் சில கவுன்டர்கள் இருக்கின்றன. 'கேஷ் தவறும்போதெல்லாம் ஒன்று கூட்டு' என்று ஒரு கவுன்டரிடம் சொல்லிவைத்தால், அது பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே இருக்கும். ப்ரோகிராமின் வேகம் இதனால் ஏறக்குறைய குறைவதே இல்லை. 1993-இல் வந்த இன்டெல் பென்டியத்தில் இப்படி இரண்டு கவுன்டர்கள் இருந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் விவரத்தை நிறுவனம் பொதுவில் வெளியிடவில்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே தந்தது. நார்வேக்காரரான தெர்யே மாத்திசன் தானே தோண்டித் துருவிக் கண்டுபிடித்து, 1994 ஜூலை 'பைட்' இதழில் எழுதினார். அதன் பிறகுதான் வெளியாருக்கு அந்தக் கதவு திறந்தது.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இதற்கு ஒரு பொதுவான ஏற்பாடு வரப் பல வருஷம் ஆனது. 'பெர்ஃப்சிடிஆர்', 'பெர்ஃப்மான்' என்று தனித்தனி முயற்சிகள் நடந்தும், பொது ஏற்பாடாகக் கர்னலுக்குள் சேரவில்லை. 2008 டிசம்பரில் இங்கோ மோல்னாரும் தாமஸ் க்ளைக்ஸ்னரும் ஒரு புதிய வடிவத்தை முன்வைத்தார்கள். அது 2009-இல் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. இன்று நாம் 'பெர்ஃப்' என்று சொல்வது அதைத்தான்.

விஷயத்தின் சாரம் இனிமேல்தான் இருக்கிறது.

கவுன்டருக்கு அகலம் உண்டு, அதாவது அதில் எத்தனை பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) இருக்கின்றன என்பது. சில ப்ராசஸர்களில் 40 பிட், பலவற்றில் 48 பிட். 40 பிட் என்றால் சுமார் 1,09,951 கோடி வரை எண்ணலாம், அதற்குப் பிறகு மறுபடி பூஜ்யம். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் 1.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசஸர் ஒரு விநாடிக்கு 140 கோடி சைக்கிள் ஓட்டுகிறது. வகுத்துப் பாருங்கள், பதின்மூன்று நிமிஷத்தில் கவுன்டர் நிரம்பிவிடும். நம் ப்ரோகிராமோ மணிக்கணக்கில் ஓடுகிறது. ஆகவே கர்னல் தன் பக்கம் 64 பிட்டில் ஒரு பெரிய கணக்கு வைத்துக்கொண்டு, சின்ன கவுன்டர் நகர்ந்த தூரத்தை அவ்வப்போது அதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய ஸ்கூட்டரில் ஓடிய தூரம் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இலக்கம். 99,999-க்குப் பிறகு 00,000. நேற்று 99,980 காட்டியது, இன்று 00,030 காட்டுகிறது. எவ்வளவு ஓடியிருக்கிறது? ஐம்பது கிலோமீட்டர். ஒரு சுற்று முடிந்ததை மனசிலேயே சேர்த்துக் கழித்துவிடுகிறோம், சிரமமே இல்லை. இன்னொரு கணக்கு: போன தடவை பார்த்தபோது 00,010, இப்போது 00,030. இருபது கிலோமீட்டரா, ஒரு லட்சத்து இருபதா? மீட்டரை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முழுச் சுற்று முடிவதற்குள் ஒரு தடவையாவது பார்த்திருந்தால்தான் விடை உறுதி. இந்த ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

முழுச் சுற்றுக்குள் கர்னல் எப்படிப் பார்க்கும்? யாராவது தட்டி எழுப்ப வேண்டும். கவுன்டர் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும் கணத்தில் ப்ராசஸரே ஓர் இன்டரப்ட், அதாவது நடுவில் குறுக்கிடும் அழைப்பு, அனுப்பும். எனவே கவுன்டரைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவிட வேண்டும் என்பதில்லை. நிரம்புவதற்கு ஆயிரம் பாக்கி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால் ஆயிரம் எண்ணியதும் அழைப்பு வரும். கர்னல் இப்படித்தான் செய்கிறது, எத்தனைக்கு ஒரு தடவை அழைப்பு வேண்டுமோ அதன் எதிர்மறை எண்ணைக் கவுன்டரில் எழுதிவிடுகிறது. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் எக்ஸ்86 ப்ராசஸர்களில் இந்த அழைப்பு 'என்எம்ஐ' வழியாக வருகிறது. மற்ற இன்டரப்ட்களைக் கர்னல் 'கொஞ்சம் பொறு' என்று நிறுத்திவைக்கலாம். என்எம்ஐயை நிறுத்த முடியாது. கர்னல் எந்த வேலையில் இருந்தாலும், பூட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாலும், நடுவில் புகுந்துவிடும். இன்டரப்ட் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கும் கர்னல் பகுதிகளையும் அளக்க முடிகிறதென்றால் அது இதனால்தான். இந்தப் பகுதியில் கோடு எழுதுவது கடினமாக இருப்பதும் இதனால்தான்.

கணக்கைப் புதுப்பிக்கும் அந்தச் சின்ன ஃபங்ஷனைப் பார்க்கலாம். போன தடவை பார்த்த மதிப்பை எடுக்கிறது. கவுன்டரின் இப்போதைய மதிப்பைப் படிக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் என்எம்ஐ புகுந்து, அதே ஃபங்ஷனை ஓட்டி, அதே கணக்கைப் புதுப்பித்துவிட்டுப் போயிருந்தால்? ஒரே தூரம் இரண்டு தடவை சேர்ந்துவிடும். பூட்டுப் போட்டும் தடுக்க முடியாது. பூட்டை வைத்திருப்பவர் மேலேயே என்எம்ஐ வந்து உட்கார்ந்து அதே பூட்டுக்குக் காத்திருந்தால், இருவரும் காலம் முழுக்க அப்படியே நிற்க வேண்டியதுதான். ஆகவே வேறொரு வழி எடுத்தார்கள். 'பழைய மதிப்பு நான் பார்த்தபடியே இன்னும் இருந்தால் மட்டும் புதியதை எழுது' என்று ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் ப்ராசஸரிடம் சொல்வது. மாறியிருந்தால் நடுவில் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம், முதலிலிருந்து மறுபடி படி. நாலே வரி. எனக்கு இந்த நாலு வரியின் மேல் தனிப் பிரியம் உண்டு. தடுக்க முடியாத ஒன்றைத் தடுக்கப் பார்க்காமல், அது வந்துபோனதை மட்டும் தெரிந்துகொண்டு வேலையை முடிக்கின்றன.

அதற்கு அடுத்து வரும் கழித்தலில்தான் நம் பிழை உட்கார்ந்திருந்தது.

பழைய இன்டெல் ப்ராசஸர்களில் கவுன்டரின் அகலம் 40 பிட் ஆனாலும் 48 பிட் ஆனாலும், அதில் எழுதும்போது கீழே உள்ள 32 பிட்டைத்தான் எழுத முடியும். மேலே உள்ளவற்றை வன்பொருளே, எண் நேர்மறையா எதிர்மறையா என்ற குறியைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். எனவே ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே 214 கோடிக்கு மேல் இடைவெளி விட வழியில்லை. 1.4 கிகாஹெர்ட்ஸில் அது ஒன்றரை விநாடி. முழுச் சுற்றுக்குப் பதின்மூன்று நிமிஷம் ஆகும் மீட்டரை ஒன்றரை விநாடிக்கு ஒரு தடவை பார்த்தால் குழப்பம் வர வழியே இல்லை. பிறகு வந்த ப்ராசஸர்கள் முழு அகலத்தையும் எழுத அனுமதித்தன. தேவையில்லாத அழைப்புகள் குறையுமே என்று 2013-இல் கர்னலிலும் அதற்கு வழி செய்தார்கள். நல்ல நோக்கம்தான். அப்போது அழைப்புக்கு அழைப்பு இடைவெளியை, கவுன்டர் தாங்கக்கூடிய அதிகபட்சமாக, கிட்டத்தட்ட முழுச் சுற்றாகவே வைத்துவிட்டார்கள்.

என்ன ஆகும் என்று ஸ்கூட்டர் மீட்டரிலேயே பாருங்கள். 00,001-இல் வைத்துவிட்டு, 'பூஜ்யத்துக்குத் திரும்பும்போது கூப்பிடு' என்கிறோம். கூப்பிடுகிறது. நாம் வந்து சேர்வதற்குள் வண்டி இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டது. மீட்டர் 00,050 காட்டுகிறது. கழித்தால் 49. ஓடியதோ ஒரு லட்சத்துச் சொச்சம். லட்சம் முழுசாகக் காணாமல் போயிற்று. அழைப்பு வருவதற்கும் கர்னல் வந்து பார்ப்பதற்கும் நடுவே சிறு தாமதம் எப்போதும் இருக்கும் என்பதால், இது தப்பாமல் நடக்கும்.

48 பிட் கவுன்டர் உள்ள 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 26 மணி நேரம். அவ்வளவு நேரம் இடையில் ஒரு தடவைகூடக் கணக்கெடுக்காமல் யாரும் ஓட்டுவது அரிது. அதனால் பிழை வெளியே வரவில்லை. இன்டெலின் சில்வர்மான்ட் வகைச் சில்லுகளிலும், அதே வழியில் வந்து 2016-இல் பெரிய அறிவியல் கணக்குகளுக்கென விற்பனைக்கு வந்த 'நைட்ஸ் லேண்டிங்' சில்லிலும் கவுன்டர் 40 பிட்தான். அந்த இயந்திரங்களில் ஓடுவதெல்லாம் நீண்ட நேரக் கணக்குகள். பதின்மூன்று நிமிஷம் அங்கே சாதாரணம். 'பெர்ஃப் ஸ்டாட்' தரும் எண்கள் சரியில்லை என்று அங்கிருந்துதான் புகார் வந்தது.

2016 நவம்பர் கடைசியில் கர்னல் கோடு எழுதுகிறவர்களில் ஒருவரான பீட்டர் ஜைல்ஸ்ட்ரா இதைச் சரிசெய்தார். இடைவெளியை முழுச் சுற்றிலிருந்து பாதிச் சுற்றாகக் குறைத்தார். அதற்கு அவர் துணைக்கு அழைத்தது மாதிரியெடுப்புத் தேற்றத்தை. சுற்றிச் சுற்றி வரும் ஒன்றைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மீட்டெடுக்க வேண்டுமென்றால் பாதிச் சுற்றுக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். கவுன்டர் முன்னோக்கி மட்டுமே போகும் என்பதால் முக்கால் சுற்று விட்டிருந்தாலும் கணக்குத் தேறியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் பாதி என்பது நன்கு அறியப்பட்ட எல்லை. பின்னால் படிக்க வருகிறவருக்கும் காரணம் தானாகத் தெரியும். அவர் எடுத்த முடிவே நல்லது.

அதோடு முடியவில்லை. பாதியாக்கியதும் இன்னொரு பிழை தலைகாட்டியது. அதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கர்னல் இந்தக் கழித்தலைச் செய்யும் விதம் அழகானது. இரண்டு 40 பிட் எண்களையும் 64 பிட் இடத்தின் மேல் முனைக்கு, அதாவது 24 இடம் இடப்பக்கம் தள்ளுகிறது. அங்கே வைத்துக் கழிக்கிறது. சுற்று முடிந்திருந்தால் கடன் வாங்கும் இலக்கம் 64 பிட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். சுற்றைத் தனியாகச் சேர்க்கும் வேலை மிச்சம். பிறகு விடையை 24 இடம் வலப்பக்கம் திருப்பித் தள்ளினால் தூரம் கையில். இந்த வலப்பக்கத் தள்ளலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண் குறியுள்ளது என்று அறிவித்திருந்தால், தள்ளும்போது மேலே காலியாகும் இடங்களைக் கம்ப்யூட்டர் குறி பிட்டாலேயே நிரப்பும், எதிர்மறை எண் எதிர்மறையாகவே இருக்க வேண்டும் என்பதற்காக. குறியில்லாதது என்றால் பூஜ்யத்தால் நிரப்பும். கோடில் விடையை 'எஸ்64' என்று, அதாவது குறியுள்ளதாக, அறிவித்திருந்தார்கள்.

தூரம் பாதிச் சுற்றுக்குக் கீழே இருக்கும்வரை நாற்பதாவது பிட் பூஜ்யம், ஆபத்தில்லை. பாதியைத் தாண்டினால் அந்த பிட் ஒன்றாகிறது, கம்ப்யூட்டர் அதைக் குறி என்று எடுத்துக்கொள்கிறது, தூரம் எதிர்மறை ஆகிவிடுகிறது. இடைவெளியைப் பாதியாக வைத்து அழைப்பு ஐம்பது எண்ணிக்கை தாமதமாக வந்தால், தூரம் பாதியை விட ஐம்பது கூட. ஒவ்வொரு தடவையும் எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டி நிற்கும். ஆகவே முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு எழுந்திருந்தால் நிலைமை முன்னைவிட மோசமாகியிருக்கும். இரண்டாவது திருத்தம் 'எஸ்64'-ஐக் குறியில்லாத 'யூ64' ஆக்குவது. ஓர் எழுத்து. காரணம், கவுன்டர் ஒருபோதும் பின்னோக்கி எண்ணுவதில்லை, அதனால் தூரம் எதிர்மறையாக இருக்கவே முடியாது.

திருத்தத்துக்கு முன்னால் பயனர் கண்ணில் என்ன பட்டிருக்கும்? இடையில் யாரும் கணக்கெடுக்காத ஓட்டம் என்று வைத்து, 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு நானே போட்ட கணக்கு இது. ஐந்து நிமிஷ ஓட்டம்: சரியான விடை. எட்டு நிமிஷ ஓட்டம்: எதிர்மறை எண். அதைக் குறியில்லாத 64 பிட்டாக வாசித்தால் இருபது இலக்க ராட்சச எண். பார்த்த உடனே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும், நல்லது. பதினெட்டு நிமிஷ ஓட்டம்தான் கெட்டது. உண்மையில் 1,51,200 கோடி சைக்கிள். கணக்கில் வருவது சுமார் 41,250 கோடி. ஒரு கர்னலும் விழவில்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. பார்க்க நம்பும்படியான எண். அதை நம்பி ஒருவர், 'என் ப்ரோகிராம் மூன்றரை மடங்கு வேகமாகிவிட்டது' என்று எழுதிக்கொண்டு போகலாம். மற்றப் பகுதிகளில் பிழை வந்தால் இயந்திரம் நின்றுபோய்ச் சொல்லும். அளக்கிற கோடில் வரும் பிழை, நம் முடிவுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கோடை எழுதுகிறவர்கள் இவ்வளவு கவனம் எடுப்பது அதிகம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. விநாடிக்கு ஒரு தடவை எண்களைக் காட்டும்படி 'பெர்ஃப் ஸ்டாட்'டை ஓட்டினால் இந்தப் பிழை மறைந்துவிடும். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் கணக்குப் புதுப்பிக்கப்படுகிறது, தூரம் பாதிச் சுற்றை நெருங்குவதே இல்லை. சந்தேகப்பட்டு அடிக்கடி எட்டிப் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இது போன்றவற்றைச் சோதனை ஓட்டத்தில் தற்செயலாகப் பிடிக்க முடியாது, கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

குறி பிட் இதே பெர்ஃப் கோடில் வேறோர் இடத்தில் இன்னும் பெரிய வினையைச் செய்திருக்கிறது. மென்பொருள் நிகழ்வுகளை எண்ணும் பகுதியில், பயனர் தரும் 64 பிட் எண்ணைக் குறியுள்ள 32 பிட் எண்ணாக வாங்கிக்கொண்டு, 'இது உச்சவரம்பைவிடப் பெரியதா' என்று மட்டும் சோதித்தார்கள். எதிர்மறை எண் அந்தச் சோதனையில் தாராளமாகத் தேறிவிடும். தேறி, பட்டியலுக்கு வெளியே உள்ள கர்னல் நினைவகத்தில் போய்க் கை வைக்கும். 2.6.37 முதல் 3.8.8 வரையிலான பதிப்புகளில் இது இருந்தது. கர்னலுக்குக் கன்னாபின்னாவென்று உள்ளீடு கொடுத்துப் பார்க்கும் 'ட்ரினிட்டி' என்ற சோதனைக் கருவி 2013-இல் இதைக் கிளப்பியது. ஏப்ரலில் திருத்தம் சேர்ந்தது. அந்த மாற்றத்தின் பாதுகாப்பு விளைவு முதலில் பரவலாகக் கவனிக்கப்படவில்லை. மே மாதம் சாதாரணப் பயனரை ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆக்கும் ப்ரோகிராம் ஒன்று பொதுவில் வந்த பிறகுதான் எல்லோரும் ஓடிப்போய்ப் பதிப்பை மாற்றினார்கள். அங்கேயும் திருத்தம் ஒரே வரி: குறியுள்ள வகையை எடுத்துவிட்டு 'யூ64'. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பெர்ஃப் கோடையே குறிவைத்துச் சோதிக்கும் வேலையும் சூடுபிடித்தது. மெய்ன் பல்கலைக்கழகத்தின் வின்ஸ் வீவர் எழுதிய 'பெர்ஃப் ஃபஸர்' என்ற சோதனைக் கருவி பல பிழைகளை வெளியே கொண்டுவந்தது.

ஏஎம்டி பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகவே. கவுன்டர் நிரம்பி என்எம்ஐ கிளம்புகிறது, அது வந்து சேர்வதற்குள் கர்னல் அந்தக் கவுன்டரை நிறுத்திவிட்டது என்று வையுங்கள். வந்த அழைப்புக்குச் சொந்தக்காரர் இல்லை. காரணம் தெரியாத என்எம்ஐ என்று கர்னல் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும். படிக்கிறவர் நினைவகச் சில்லு கெட்டுவிட்டதோ என்று பயப்படுவார். 2019-இல் இதற்குத் திருத்தங்கள் வந்தன. ஒரு கவுன்டர் அழைப்பைக் கையாண்ட பிறகு 100 மில்லிவிநாடிக்குள் வருகிற சொந்தக்காரரில்லாத என்எம்ஐயையும் நம்முடையது என்றே எடுத்துக்கொள்வது என்பது அதில் நிலைத்த வழி. இது எனக்கு முழு நிறைவு தராத திருத்தம். உண்மையிலேயே வன்பொருள் கோளாறு அந்த நூறு மில்லிவிநாடிக்குள் வந்தால் அதுவும் விழுங்கப்படும். ஆனால் வன்பொருளின் தாமதத்தை மென்பொருள் நேராக்க முடியாதபோது இதைவிட நல்ல வழியும் எளிதில் தோன்றவில்லை.

உங்கள் இயந்திரத்தின் கவுன்டரை நீங்களே சோதிக்கலாம். நூறு கோடி தடவை சுற்றும் ஒரு வெற்று லூப், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கழித்து, பூஜ்யமா என்று பார்த்துத் திரும்பும் இரண்டே இன்ஸ்ட்ரக்ஷன். கம்பைலர் லூப்பையே தூக்கி எறிந்துவிடாமல் இருக்க, அதை அசெம்பிளியில் எழுதுங்கள். 'பெர்ஃப் ஸ்டாட்' போட்டு ஓட்டினால் இருநூறு கோடியும், ப்ரோகிராம் தொடங்கி முடிவதற்கான சில லட்சமும் வர வேண்டும். வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் இந்த வசதியே இல்லை என்ற பதில் வரலாம், கவுன்டர்களை விருந்தினருக்குத் திறந்துவிடுவது உரிமையாளரின் விருப்பம். சாதாரணப் பயனராக ஓட்டினால் கர்னலுக்குள் செலவான பங்கு சேராது. 2016-இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து இயல்பான கட்டுப்பாடு அப்படி. எண் சரியாக வந்தால் சுற்றைப் பத்து மடங்காக்கி, நூறு மடங்காக்கிப் பாருங்கள். விடையும் அதே மடங்கில் ஏற வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் ஏறாமல் நின்றால், அது எத்தனையாவது பிட்டுக்குப் பக்கத்தில் என்று முதலில் பாருங்கள்.